வில்லின் முதுகில் நரம்பு ஒட்டினால் உடையாதா? காஞ்சிபுரத்தில் பட்டு நூலே போதுமா?

காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டு ஒரு வில்லையாவது பார்க்காமல் ஊர் திரும்புவது கஷ்டம். காமாட்சி அம்மன் கையில் கரும்பு வில். வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தில் கிளி மேல் ஏறி வரும் மன்மதனுக்கும் கரும்பு வில்தான். ராஜசிம்ம பல்லவன் 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கைலாசநாதர் கோயிலுக்குப் போனால், முப்புரம் எரிக்கக் கிளம்பிய சிவன் கையில் இன்னொரு வில்.

இதையெல்லாம் பார்த்து வளர்ந்த என் சித்தி பையன், ப்ளஸ் டூ முடித்த லீவில் தானும் ஒரு வில் செய்தான். தச்சுப் பட்டறையில் வாங்கிய நாலடி ரீப்பர் கட்டை. இரண்டு நாள் இழைத்து, நைலான் கயிறு கட்டி, மொட்டை மாடியில் இழுத்துப் பார்த்திருக்கிறான். நாலாவது இழுப்பில் 'படார்' என்று நடுவில் உடைந்தது. தெறித்த சிலாம்பு புருவத்துக்கு மேல் கிழித்துக்கொண்டு போனது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

அன்று ராத்திரியே எனக்கு போன். "அக்கா, வீடியோல பார்த்தேன். வில்லு முதுகுல மாட்டு நரம்பு ஒட்டினா உடையவே உடையாதாம். பவரும் டபுள் ஆகுமாம். உண்மையா?"

பாதி உண்மை. மீதிப் பாதி, நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள், உங்கள் வில் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வில் எங்கே உடைகிறது?

முதலில் இரண்டு சொற்கள். வில்லைக் கையில் பிடித்து நாணை இழுக்கும்போது, இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் வில்லின் முதுகு. நம்மைப் பார்த்திருக்கும் பக்கம் வயிறு.

நாணை இழுத்தால் முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. ஒரு அழிரப்பரை வளைத்துப் பாருங்கள், வெளிப்பக்கம் விரிவதும் உள்பக்கம் சுருங்குவதும் கண்ணுக்கே தெரியும். மரத்திலும் அதேதான் நடக்கிறது. ஆனால், மரம் ரப்பர் இல்லை. அதன் நார் சுமார் 1 சதவீதம் நீள்வதற்குள்ளேயே அறுந்துவிடும்.

வயிற்றுப் பக்கம் தாங்காமல் போனால் வில் மெல்லச் செத்துப்போகும். குறுக்கே மெல்லிய சுருக்கங்கள் விழும், நாணைக் கழற்றிய பிறகும் வில் வளைந்தே நிற்கும், அம்பு பலமாகப் போகாது. அதில் யாருக்கும் காயம் ஏற்படாது. முதுகு தாங்காமல் போனால் கதை வேறு. எங்காவது ஒரு நார் அறுந்து சிலாம்பாக எழும்பும், அடுத்த நொடி வில்லே இரண்டாகிவிடும். தேக்கிவைத்த விசை முழுவதும் உடைந்த துண்டுகளோடு பறக்கும்.

பொதுவாக, குறையில்லாத மரம் நசுங்குவதைவிட இழுபடுவதை நன்றாகவே தாங்கும். பிரச்சினை அந்த 'குறையில்லாத' என்ற வார்த்தையில் இருக்கிறது. முதுகில் ஒரு கணு இருந்தாலோ, இழைப்புளி நாரின் ஓட்டத்தைக் குறுக்கே வெட்டியிருந்தாலோ, அந்த இடம் பலவீனமாகிவிடும். தம்பி வாங்கிய ரீப்பர், ரம்பத்தில் நேராக அறுத்த கட்டை. ரம்பம் நாரின் போக்கைப் பார்த்து அறுக்காது. சாய்வாக ஓடிய நார் முதுகில் வந்து முடிந்த இடத்தில்தான் வில் உடைந்திருக்கிறது.

நரம்பு என்ன செய்கிறது?

இங்கே 'நரம்பு' என்று சொல்வது மூளையிலிருந்து உடலுக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பை இல்லை. தசையை எலும்போடு கட்டிவைக்கும் வெள்ளை நார். கறிக்கடையில் 'நரம்பு' என்று ஒதுக்கிவைப்பார்களே, அது. உயிரியல் பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் தசைநாண். அந்தப் பெயருக்குள்ளேயே வில்லின் நாண் இருக்கிறது.

தசைநாண் அறுவதற்கு முன் ஏறக்குறைய 8 முதல் 10 சதவீதம் வரை நீளும். மரத்தோடு ஒப்பிட்டால் பல மடங்கு. இதை நார் நாராகப் பிரித்து, பசையில் தோய்த்து முதுகில் ஒட்டினால் இரண்டு வேலைகள் நடக்கின்றன.

முதல் வேலை, கட்டு. மரத்திலிருந்து சிலாம்பு எழும்பப் பார்க்கும்போது மேலே ஒட்டியிருக்கும் நரம்பு அதை அமுக்கிப் பிடிக்கிறது. விரிசல் ஆரம்பிக்க விடாது.

இரண்டாவது வேலைதான் சுவாரசியமானது. ஈரமாக ஒட்டிய நரம்பும் பசையும் காயும்போது சுருங்கும். சுருங்கும்போது வில்லை முன்பக்கமாக, அதாவது நாண் இழுக்கும் திசைக்கு எதிராக வளைக்கும். வில் சும்மா கிடக்கும்போதே அதன் மர முதுகு கொஞ்சம் அமுக்கப்பட்ட நிலையில் இருக்கும். நாணை இழுக்கும்போது அந்த அமுக்கம் முதலில் விடுபட வேண்டும், அதன் பிறகுதான் மரம் நீளத் தொடங்கும்.

புரியவில்லையா? காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளத்துக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் கட்டைகளுக்குள், இழுத்துப் பிடித்த இரும்புக் கம்பிகள் இருக்கும். அந்தக் கம்பிகள் கான்கிரீட்டை எப்போதும் அமுக்கியே வைத்திருப்பதால், ரயில் ஏறும்போது அது விரிந்து வெடிப்பதில்லை. நரம்பு ஒட்டிய வில்லிலும் தத்துவம் அதுதான். பொறியாளர்கள் கான்கிரீட்டில் செய்வதற்குப் பல நூற்றாண்டு முன்பே வில் செய்தவர்கள் இதைச் செய்துவிட்டார்கள்.

அப்போ பவர் டபுள் ஆகுமா?

ஆகாது. இங்கேதான் வீடியோக்கள் ஏமாற்றுகின்றன.

நரம்பு மரத்தைவிட அதிகம் நீளும். ஆனால், மரத்தைவிட எளிதாகவும் நீளும், அதாவது மரம் அளவுக்கு விறைப்பு கிடையாது. மெல்லிய ஒரு அடுக்கு ஒட்டினால் பாதுகாப்பு கிடைக்கும், விசை பெரிதாகக் கூடாது. விசை கூட வேண்டுமென்றால் 2, 3 மி.மீ. கனத்துக்கு ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டினால் எடையும் ஏறும். வில்லின் நுனி கனத்துப்போனால் நாணை விட்டதும் அது மெதுவாகத் திரும்பும், அம்பின் வேகம் குறையும். அதனால்தான் கைப்பிடியை ஒட்டிய பகுதியில் கனமாகவும், நுனிக்குப் போகப் போக மெலிதாகவும் ஒட்டுகிறார்கள்.

நரம்பின் உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. வில்லைக் குட்டையாகச் செய்யலாம். குட்டை வில்லை ஆழமாக இழுத்தால் முதுகு அதிகம் வளையும், வெறும் மரம் தாங்காது, நரம்பு தாங்கும். குதிரை மேல் போகிறவர்களுக்கும் புதர்க்காட்டில் வேட்டையாடுகிறவர்களுக்கும் ஆள் உயர வில் தொந்தரவு. அவர்களுக்குத்தான் நரம்பு தேவைப்பட்டது.

இதற்கு நன்கு பதிவான ஒரு உதாரணம் இஷி. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், படுகொலைகளில் அழிக்கப்பட்ட யாஹி பழங்குடியில் மிஞ்சிய கடைசி மனிதர். 1911-ல் ஓரோவில் என்ற ஊருக்கு வெளியே வந்து சேர்ந்தவர், 1916-ல் காசநோயில் இறக்கும்வரை பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வாழ்ந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், அவரிடமே வில்வித்தை கற்றுக்கொண்டு, அவர் வில் செய்யும் முறையையும் எழுதி வைத்தார். இஷியின் வில் ஜூனிபர் மரம், நீளம் ஏறக்குறைய 42 அங்குலம்தான். அதாவது மூன்றரை அடி. மானின் கால் நரம்பை வாயில் போட்டு மென்று மெதுவாக்கி, சால்மன் மீன் தோலைக் காய்ச்சிய பசையில் ஒட்டினார். மூன்றரை அடி ஜூனிபர் வில் உடையாமல் இருந்ததற்கு அந்த நரம்பு முக்கியக் காரணம்.

ஆறடி வில்லுக்கு அதே நரம்பு பெரும்பாலும் வீண் சுமை.

எப்படி ஒட்டுகிறார்கள்?

படிக்கும்போது எளிதாகத் தெரியும். செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். சுருக்கமாக வரிசை இது:

1. வில் தயாராக இருக்க வேண்டும். உடைந்த வில்லையோ சரியாக வளையாத வில்லையோ நரம்பு காப்பாற்றாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளையும்படி வயிற்றுப் பக்கம் சுரண்டிச் சரிசெய்த பிறகுதான் நரம்பு. நரம்பு கொஞ்சம் விசையைக் கூட்டும் என்பதால், வில்லை முதலில் சற்று இளக்கமாகவே விட்டுவைக்கிறார்கள்.

2. முதுகைத் தயார் செய்வது. எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் பசை பிடிக்காது, கை வியர்வைகூட ஆகாது. சலவை சோடா கரைத்த நீரில் கழுவி, காய வைத்து, ஹேக்சா பிளேடால் நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் போடுகிறார்கள். பிறகு நீர்த்த பசையை இரண்டு மூன்று முறை பூசி மரத்தைக் குடிக்க விடுகிறார்கள்.

3. நரம்பைப் பிரிப்பது. மாட்டின் கால் நரம்பை நன்றாகக் காய வைத்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். அதை வழுவழுப்பான கல்லின் மேல் வைத்து மரச் சுத்தியலால் தட்டினால் வெள்ளை நாராகப் பிரியும். இரும்புச் சுத்தியல் நாரை நறுக்கிவிடும். பிரித்த நாரைச் சீப்பால் வாரி, சின்னச் சின்னக் கற்றையாக நீளவாரியாகப் பிரித்து வைக்க வேண்டும்.

4. பசை. நம்ம ஊர் தச்சர்கள் ஒரு காலத்தில் எல்லா வேலைக்கும் பயன்படுத்திய வச்சிரம்தான். தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் பசை. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த நீரில் ஊற வைத்து, மறுநாள் சுடுநீருக்குள் பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். 60 டிகிரி செல்சியஸ் அளவு சூடு போதும். நேரடியாக அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் பசையின் வலு போய்விடும். நரம்பும் வச்சிரமும் ஒரே சாதி, இரண்டும் கொலாஜன் என்ற புரதம். அதனால்தான் காய்ந்த பிறகு இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

5. ஒட்டுவது. கற்றையைப் பசையில் தோய்த்து, விரலால் வழித்து, கைப்பிடியிலிருந்து தொடங்கி நீளவாக்கில் படுக்க வைக்கிறார்கள். செங்கல் சுவர் மாதிரி, ஒரு கற்றை முடியும் இடம் பக்கத்துக் கற்றையின் நடுவில் வர வேண்டும். முடிவுகள் எல்லாம் ஒரே கோட்டில் வந்தால் அதுவே உடையும் கோடாகிவிடும்.

6. காய்வது. நிழலில், காற்றோட்டத்தில். ஒரு அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது. கடைசி அடுக்குக்குப் பிறகு குறைந்தது சில வாரங்கள். வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் மேல்பக்கம் இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். மரமும் நரம்பும் கொம்பும் சேர்த்துச் செய்யும் துருக்கிய வில்களை ஒரு வருஷத்துக்கும் மேல் காயப் போடுவது வழக்கம்.

7. மறுபடி சரிசெய்வது. காய்ந்த வில்லை மெல்ல மெல்ல இழுத்துப் பழக்கி, எந்தப் பக்கம் விறைப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கத்தின் வயிற்றை மட்டும் சுரண்ட வேண்டும். முதுகில் கத்தி படவே கூடாது. கைக்கு அடக்கம் முக்கியம்: மரத்தின் கனத்தை 10 சதவீதம் குறைத்தால் அதன் விறைப்பு 27 சதவீதம் குறைந்துவிடும். கனத்தின் மும்மடிக்கு ஏற்றபடிதான் விறைப்பு மாறும்.

நம்ம ஊர் வில்லில் நரம்பு ஏன் இல்லை?

தமிழர்களுக்கு வில் புதிதில்லை. சேரர்களின் சின்னமே வில். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு இன்றைக்கும் ஆடி மாதம் அரசு விழா எடுக்கிறது. அப்படியிருக்க, நரம்பு ஒட்டிய வில் ஏன் நம் வழக்கத்தில் பெரிதாக இல்லை? நம் முன்னோர்களுக்கு அந்த நுட்பம் தெரியாதா?

தெரியாமல் இல்லை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் வில் செய்யும் பொருள்களாகப் பனை, மூங்கில், மரம், கொம்பு என நான்கையும் சொல்கிறது. நாண் செய்யும் பொருள்களின் பட்டியலில் எருக்கு நார், சணல், மூங்கில் ஆகியவற்றோடு விலங்கின் நரம்பும் இருக்கிறது. பொருளும் தெரியும், அதன் குணமும் தெரியும்.

பட்டியலில் முதலில் வரும் பனையையும் மூங்கிலையும் கவனியுங்கள். இரண்டும் ஒரே மாதிரித் தாவரங்கள், ஒருவித்திலைக் குடும்பம். இரண்டிலும் வலுவான நார்கள் தண்டின் வெளிப்பக்கமாகத்தான் நெருங்கிக் கிடக்கும், உள்ளே போகப் போகக் குறையும். பனைமரத்தை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளியே கருப்பு வைரம், உள்ளே சோறு. மூங்கிலின் பச்சைத் தோலுக்குக் கீழே இருக்கும் பகுதியும் அப்படித்தான்.

இழுவிசை அதிகம் விழும் முதுகுப் பக்கத்தில் மூங்கிலின் வெளித்தோல் வரும்படி வில்லைச் செய்தால், ஒட்டாமலேயே முதுகில் நார்க்கட்டு வந்துவிடுகிறது. நரம்பு செய்யும் காவல் வேலையை மூங்கில் பிறக்கும்போதே செய்து வைத்திருக்கிறது.

இதைப் பயன்படுத்தியவர்கள் பட்டியல் பெரிது. அலெக்சாந்தர் படையோடு வந்த நியார்கஸின் குறிப்புகளை வைத்து எழுதிய ஆரியன், இந்திய வீரர்களின் வில் ஆள் உயரம் இருந்ததாகவும், ஒரு முனையைத் தரையில் ஊன்றி இடது காலால் அழுத்தி இழுத்ததாகவும் சொல்கிறார். வயநாட்டின் குறிச்சியர் பழங்குடியினர் 1802-ல் பனமரம் கோட்டையைத் தாக்கிப் பிடித்தபோது, தலைக்கல் சந்துவின் தலைமையில் அவர்கள் கையில் இருந்தது வில்தான், எதிரே இருந்தது கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கி. ராஜஸ்தானின் அஹாரி பழங்குடியில் மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம், 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக அம்பு எய்தார்.

கைலாசநாதர் கோயில் சிவன் கையில் இருப்பது மூங்கிலா, கொம்பா, மரமா என்று கல்லைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால், அந்தச் சிற்பி தினமும் பார்த்த வானிலை என்ன என்று நமக்குத் தெரியும். அடுத்த பிரச்சினை அதுதான்.

மழைக்காலத்தில் என்ன ஆகும்?

வச்சிரம் நீரில் கரையும் பசை. அதன் வசதியும் அதுதான், பலவீனமும் அதுதான். காற்றில் ஈரம் ஏறினால் நரம்பும் பசையும் அதைக் குடித்துத் தளர்ந்துவிடும். காய்ந்தபோது சுருங்கி வில்லை இறுக்கிய அதே நரம்பு, ஈரத்தில் நீண்டு வில்லைத் தொய்ய விடும். ரொம்ப நனைந்தால் உரிந்தே வந்துவிடும்.

மரத்துக்கும் இதே கதை. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால் மரத்துக்குள் ஈரம் சுமார் 13 சதவீதத்தில் போய் நிற்கும், 80 சதவீதம் என்றால் 16. வில் மரம் 9, 10 சதவீதத்தில் இருந்தால்தான் விறைப்பாக வேலை செய்யும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் காஞ்சிபுரத்துக் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நெசவாளர் வீடுகளுக்கு இது தலைமுறைப் பாடம். தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டுக் காய வைக்கும் வேலை மழை வந்தால் நின்றுவிடும். குழித்தறியின் குழி ஊறிக்கொள்ளும். மழைக்காலத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்து பாருங்கள், தறிச் சத்தம் குறைந்திருப்பது காதுக்கே தெரியும். பட்டு நூலையே படுத்தும் காற்று, நரம்பை விட்டுவைக்குமா?

நரம்பு வில் வைத்திருந்த மற்ற நாடுகளும் இந்தச் சிக்கலைச் சந்தித்தன. மழைக்காலம் உள்ள கொரியாவில் கொம்பும் நரம்பும் மூங்கிலும் சேர்த்துச் செய்யும் பாரம்பரிய வில்லைக் கதகதப்பான பெட்டிக்குள் வைத்துக் காப்பது இன்றும் வழக்கம். இந்தியாவில் முகலாயர் காலத்தில் கொம்பு-நரம்பு வில் பெருமளவில் புழங்கியது. கூடவே முழுக்க எஃகில் செய்த வில்லும் இங்கே உருவானது. அது நரம்பு வில் அளவுக்கு விறுவிறுப்பாக எய்யாது. ஆனால், ஆயுதக் கிடங்கில் பல மழைக்காலம் கிடந்தாலும் பசை விடாது.

அதாவது, மூங்கில் வில் வைத்திருந்தவர்கள் பின்தங்கியவர்கள் இல்லை. அவர்கள் வானிலைக்குத் தோதான பொருளைத் தேர்ந்தெடுத்தவர்கள்.

சரி, காஞ்சிப் பட்டு உதவுமா?

உதவும், ஒரு எல்லை வரை.

வில்லின் முதுகில் பட்டு ஒட்டுவது இப்போது மர வில் செய்பவர்கள் மத்தியில் தெரிந்த வழிமுறைதான். பட்டு இழையின் இழுவலிமை தசைநாணைவிடப் பல மடங்கு அதிகம். அறுவதற்கு முன் 15 சதவீதம் அளவுக்கு நீளவும் செய்யும். துருக்கியிலும் சீனாவிலும் வில்லின் நாணையே பட்டில் முறுக்கினார்கள்.

ஆனால், பட்டு நரம்பு மாதிரி காயும்போது சுருங்கி வில்லை இறுக்காது. அந்த ரயில் கட்டை வித்தை பட்டிடம் கிடையாது. பட்டு ஒட்டினால் விசை கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிலாம்பு எழும்பாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். முதல் முறை வில் செய்பவருக்குத் தேவையும் அதுதான்.

இன்னொரு நன்மை: பட்டை ஒட்ட வச்சிரம் கட்டாயமில்லை. தச்சர்கள் இப்போது பயன்படுத்தும் ஃபெவிகால் வகை வெள்ளைப் பசையே போதும். காய்ந்த பிறகு காற்றின் ஈரத்தை அது வச்சிரத்தைவிட நன்றாகத் தாங்கும். மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் இன்னும் நல்லது.

கவனிக்க வேண்டியவை:

• துணியாக ஒட்டினால் பாவு நூல் வில்லின் நீளவாக்கில் ஓட வேண்டும். புடவை என்றால் அதன் நீளப் பக்கம். இழுவிசையைத் தாங்குவது அந்த நூல்தான். குறுக்கே ஓடும் ஊடைக்கு இங்கே வேலை இல்லை.

• துணியைவிடத் தனி நூலாகக் கற்றை கற்றையாக நீளவாக்கில் ஒட்டுவது மேல். தறியில் பாவு முடியும்போது மிஞ்சும் துண்டு நூல் இதற்கு ஏற்றது. முறை நரம்புக்குச் சொன்ன அதே செங்கல் வரிசை.

• கச்சாப் பட்டில் எடைக்கு 20 முதல் 30 சதவீதம் வரை செரிசின் என்ற கோந்து இருக்கும். சாயம் போடுவதற்கு முன் சோப்பு நீரில் வேகவைத்து நீக்குவார்களே, அந்தக் கோந்து. அது நீங்கிய நூலில் பசை நன்றாக இறங்கும்.

• ஜரிகை வேண்டாம். எடைதான் கூடும்.

• பாட்டியின் கல்யாணப் புடவையை வெட்டாதீர்கள். 2005-ல் புவிசார் குறியீடு வாங்கிய பட்டு, வில்லுக்கு முதுகாவதற்காக நெய்ததில்லை.

இன்னொரு தகவல். பட்டுப்புழு தின்னும் முசுக்கட்டை மரமும் வில்லுக்கு உகந்த மரங்களில் ஒன்று. கொரிய வில்லின் முனைகளை அதில்தான் செய்கிறார்கள்.

நரம்பு பயன்படுத்துவது சட்டப்படி சரியா?

எந்த விலங்கின் நரம்பு என்பதுதான் கேள்வி. இணையத்தில் வரும் வீடியோக்களில் பெரும்பாலும் மான் நரம்பு காட்டுவார்கள். அவை அமெரிக்காவில், உரிமத்தோடு வேட்டை நடக்கும் இடங்களில் எடுத்தவை. இந்தியாவில் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் புள்ளிமான், கடமான் போன்றவற்றைப் பாதுகாக்கிறது. வேட்டையாடுவது மட்டுமில்லை, அவற்றின் உடல் பாகங்களை வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றம். "காட்டுல செத்துக் கிடந்துச்சு" என்ற பதில் செல்லாது. செய்து முடித்த வில்லால் காட்டு உயிரினத்தை எய்தால் அதுவும் வேட்டைதான்.

சட்டப்படி இயங்கும் இறைச்சிக் கூடத்தில் ஒதுக்கும் மாட்டு, எருமை நரம்பு வேறு விஷயம். ஆட்டு நரம்பும் பயன்படும், ஆனால் நீளம் குறைவு, வேலை கூடும்.

கோயில் ஊரில் பலர் வீட்டுக்குள் இதைக் கொண்டுவரவே முடியாது என்பதும் நிஜம். பட்டு அதற்கு முழு விடை இல்லை, வழக்கமான பட்டுக்கும் கூட்டுப்புழு சாகிறது. அது வேண்டாம் என்பவர்கள் ஆளி நாரில் செய்த லினன் நூலை இதே மாதிரி ஒட்டலாம். லினன் முதுகும் வில் செய்பவர்களிடம் நன்கு பழகிய முறைதான்.

முதல் வில் செய்பவர் என்ன செய்யலாம்?

நரம்பு தேடி அலைவதற்கு முன் செய்ய வேண்டிய மலிவான வேலை ஒன்று இருக்கிறது: வில்லை நீளமாக்குங்கள். நாணை எவ்வளவு தூரம் இழுக்கப் போகிறீர்களோ, அதைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேல் கைப்பிடிக்குக் கொஞ்சமும் சேர்த்து வில்லின் நீளம் இருக்கட்டும். 28 அங்குலம் இழுப்பவருக்கு ஐந்தரை அடிக்கு மேல் வரும். என் தம்பி நாலடிக் கட்டையை 26 அங்குலம் இழுத்திருக்கிறான். அதில் நரம்பு ஒட்டியிருந்தாலும் சாய்ந்து ஓடிய நாரை அது காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல முடியாது.

மற்றவை:

• ரம்பத்தில் அறுத்த ரீப்பருக்குப் பதில் பிளந்த மூங்கில் எடுங்கள். தோல் பக்கம் முதுகாக இருக்கட்டும், அதை இழைக்காதீர்கள்.

• அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுக்க வில்லுக்கே திரும்பி அடிக்கும்.

• ஒவ்வொரு முறையும் முதுகை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு நார் எழும்பியிருந்தாலும் அன்றைக்கு வில் ஓய்வில் போகட்டும்.

• புது வில்லை இழுக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். முதல் நாளே முழுதாக இழுக்காதீர்கள்.

• வேலை முடிந்ததும் நாணைக் கழற்றிவிடுங்கள். சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்கையாக வையுங்கள்.

• மொட்டை மாடி வில்வித்தைக்கான இடம் இல்லை. அம்பு விழும் இடத்தை உங்களால் பார்க்க முடியவில்லை என்றால், விடாதீர்கள்.

இதையெல்லாம் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். ஏழு நிமிஷம். "சுருக்கமா சொல்லுக்கா" என்றான்.

சுருக்கம் இதுதான்டா: நரம்பு, வறண்ட ஊரில் குட்டை வில்லுக்குக் கவசம். உன் ஊர் ஈரமான ஊர், உனக்குக் குட்டை வில் தேவையும் இல்லை. நீளமான மூங்கில் எடு. பயமாக இருந்தால் பெரியப்பா தறியில் மிஞ்சும் நூலைக் கேட்டு வாங்கி ஒட்டு.

போன வாரம் ஒரு போட்டோ வந்தது. ஆளைவிடக் கொஞ்சம் உயரமாக மூங்கில் பிளாச்சு ஒன்று, நிழலில் காய்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு கட்டு பட்டு நூல், அரக்குச் சிவப்பில். கீழே ஒரு வரி: "பெரியப்பா நூல் குடுத்துட்டாரு. கண்ணாடி போட்டுக்கிட்டுதான் இழுக்கணும்னு கண்டிஷன்."